களப்புக்கு யார் கையெழுத்திட்டார்?
வர்த்தக உடன்படிக்கைகளும் புத்தளக் கரையோரமும்

புத்தளத்தின் வரலாற்றை எழுதப் புகுகிறவர்கள் பெரும்பாலும் இப்னு பதூதாவிலிருந்துதான் தொடங்குவார்கள். 1344இல் மாலைதீவிலிருந்து வந்து இறங்கிய அந்தப் பயணிக்கு ஆரியச் சக்கரவர்த்தி கொடுத்த வரவேற்பு, முத்துகள், ஆதம் மலைப் பயணம் என்று எல்லாவற்றையும் நாம் திரும்பத் திரும்பப் பேசியிருக்கிறோம். அவ்வளவாகப் பேசப்படாத ஒரு விடயமும் அந்தக் குறிப்பில் கிடக்கிறது. வெள்ளத்தில் அடித்து வரப்பட்ட கறுவா மரத் துண்டுகள் கரையில் மேடு மேடாகக் குவிந்திருந்தன. மலபாரிலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் வருகிறவர்கள் விலை கொடுக்காமலே அவற்றை ஏற்றிச் சென்றார்கள். ஈடாக அரசனுக்குத் துணி வகைகளை அன்பளிப்பாகக் கொடுத்தார்கள் என்கிறார் அவர்.

எழுத்தில் இல்லாவிட்டாலும் இது ஒரு வர்த்தக உடன்பாடுதான். இதில் தரப்புகள் இரண்டு: அரசன், வியாபாரி. கறுவா வளர்ந்த காடும், அதைச் சுமந்து வந்த ஆறும், கரையில் குடியிருந்த சனமும் அந்தக் கணக்கில் வரவில்லை. அன்று அது யாருக்கும் குறையாகத் தெரிந்திருக்காது. காடு பெரிதாக இருந்தது, மரக்கலம் சிறிதாக இருந்தது. இன்று மரக்கலம் பெருத்துவிட்டது, காடு சிறுத்துவிட்டது. கணக்குப் பார்க்கும் முறையோ பெரிதாக மாறவில்லை. சுதந்திர வர்த்தக உடன்படிக்கைகள் விவசாயத்தையும் சுற்றாடலையும் எப்படி நடத்துகின்றன என்ற கேள்வியைப் பொருளியலாளர்கள் உலக அளவில் வைத்துப் பேசுகிறார்கள். அதே கேள்வியை எங்கட களப்பின் கரையில் நின்று கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோட்டையும் உப்பும்

போர்த்துக்கேயரைத் துரத்துவதற்கு உதவி தேடி இரண்டாம் இராஜசிங்கன் 1638இல் ஒல்லாந்தருடன் ஓர் உடன்படிக்கை செய்தான். அந்த உதவிக்கு விலையாக வாசனைத் திரவிய வர்த்தகத்தின் ஏகபோகத்தைக் கொடுத்தான். வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. 1676இல் அவர்கள் கட்டி முடித்த கற்பிட்டிக் கோட்டை களப்பின் வாசலில் இன்றும் நிற்கிறது. கண்டி அரசின் வெளி வர்த்தகத்துக்குப் போடப்பட்ட பூட்டு என்று அதைச் சொல்லலாம்.

ஏன் பூட்டுப் போட வேண்டியிருந்தது? புத்தளம் கண்டியின் துறைமுகமாக இருந்தது. மலைநாட்டுப் பாக்கு இந்த வழியால் தென்னிந்தியாவுக்குப் போனது. அங்கிருந்து துணியும் அரிசியும் வந்தன. எங்கட பக்கத்து உப்பும் கருவாடும் தவளம் என்று சொல்லப்பட்ட பொதிமாட்டுக் கூட்டங்களில் மலையேறின. அந்த மாடுகளை ஓட்டிச் சென்றவர்களில் முஸ்லிம்கள் கணிசமாக இருந்தார்கள். கண்டி இராச்சியத்தின் போக்குவரத்துப் பிரிவான மடிகேயுடன் முஸ்லிம் குடும்பங்களுக்கு இருந்த தொடர்பு வரலாற்றாசிரியர்கள் நன்கறிந்த செய்தி.

1766 பெப்ரவரியில் நிலைமை முற்றாக மாறியது. போரில் தளர்ந்த கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன், அதுவரை தன்னிடம் எஞ்சியிருந்த கரையோரத்தையும் ஒல்லாந்தக் கம்பனிக்கு எழுதிக் கொடுத்தான். புத்தளமும் சிலாபமும் அதில் அடங்கின. கண்டி மக்கள் கரையோர உப்பளங்களில் உப்பு எடுத்துக்கொள்வதற்கு மட்டும் வழி விடப்பட்டது. இந்த வாசகத்தைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். களப்பின் பொருட்களில் உப்பு எழுத்தில் ஏறியதற்குக் காரணம், அது அரசனின் நாட்டுக்குத் தேவைப்பட்டது. களப்பில் வலை போட்டவனின் உரிமையைக் கேட்பதற்கு அந்த மேசையில் ஆள் இருக்கவில்லை. இப்படியான பழைய உடன்படிக்கைகளை இன்றைய சுதந்திர வர்த்தக உடன்படிக்கைகளோடு ஒன்றாக்க முடியாதுதான். பலவந்தத்தில் பிறந்த ஏகபோகம் வேறு, தீர்வைக் குறைப்பு வேறு. ஆனால் மேசையில் யார் இருந்தார், என்ன பொருள் எழுத்தில் ஏறியது என்ற இரண்டு கேள்விகளும் இரண்டு காலத்துக்கும் பொருந்தும்.

இறால் வந்த கதை

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் சிலாபம் முதல் முந்தல், புத்தளம் வரை இறால் பண்ணைகள் தோன்றின. முதலில் வந்தவை பெரிய கம்பனிகள். பிறகு சிறிய முதலாளிகள். அதன் பிறகு காணித் துண்டு வைத்திருந்தவரெல்லாம் குளம் வெட்டினார்கள். வளர்த்தது புலி இறால். பெருமளவு ஜப்பானுக்குப் போனது. இந்த ஏற்றுமதிக்கு எந்தச் சுதந்திர வர்த்தக உடன்படிக்கையும் தேவைப்படவில்லை; திறந்த சந்தையும் அரசின் ஊக்குவிப்பும் போதுமாக இருந்தன. எங்கட ஊர்களில் மாடி வீடு எழும்பியதும், குமர்ப்பிள்ளைகளின் கலியாணம் தடையின்றி நடந்ததும், பிள்ளைகள் கொழும்பில் படித்ததும் இந்தக் காசில்தான் என்று சொல்லக் கூடிய குடும்பங்கள் உண்டு. அந்த நன்மையை மறைத்து எழுதினால் அது வரலாறாகாது.

செலவு வேறு ஏட்டில் ஏறியது. குளம் வெட்டுவதற்குக் கண்டல் காடும் சதுப்பு நிலமும் அழிந்தன. கண்டல் வேருக்குள்தான் மீன் குஞ்சும் இறால் குஞ்சும் நண்டும் வளர்கின்றன. கண்டல் போனால் களப்பு மீனவனின் வலை காய்கிறது. சுற்றாடல் பாதிப்பு மதிப்பீடு சட்டத்தில் இருந்தது. 1988இல் தேசிய சுற்றாடல் சட்டத்துக்குக் கொண்டுவந்த திருத்தமும் 1993 வர்த்தமானியும் அதைக் கட்டாயமாக்கின. ஆனால் நீருயிரின வளர்ப்பில் 4 ஹெக்டயருக்கு மேற்பட்ட திட்டங்களுக்கே அது பொருந்தியது. ஒரு பண்ணை 3 ஹெக்டயர் என்றால் மதிப்பீடு வேண்டாம். அப்படிப்பட்ட நூறு பண்ணைகள் வரிசையாக நின்றாலும் ஒவ்வொன்றும் தனித்தனியே சிறியதுதான். களப்புக்கு அவையெல்லாம் சேர்ந்து ஒன்று என்பது சட்டத்தின் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஒல்லாந்தர் வெட்டிய வாய்க்காலும் இந்தக் கதைக்குள் வருகிறது. உப்பையும் பாக்கையும் ஏற்றிச் செல்லப் பயன்பட்ட அந்த நீர்வழியில்தான் பண்ணைகள் தண்ணீர் எடுத்தன, கழிவு நீரையும் அதிலேயே விட்டன. ஒருவர் கழித்த நீரை அடுத்தவர் குளத்துக்குள் பாய்ச்சினார். 1996இல் வெண்புள்ளி நோய் வந்தபோது அது வாய்க்கால் வழியே பண்ணை பண்ணையாகப் பரவியது. கடன் எடுத்துக் குளம் வெட்டிய சிறியவர்கள் எழும்பவே இல்லை. பல குளங்கள் வெறுமனே கிடந்தன. அந்த உவர் நிலத்தில் நெல்லும் விளையாது, தென்னையும் பிடிக்காது. பிறகு 1999இல் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை உருவானது. காலப்போக்கில் பண்ணைப் பிரதேசம் வலயங்களாகப் பிரிக்கப்பட்டு, எந்த வலயம் எப்போது குஞ்சு விடலாம் என்று நாட்காட்டியும் வகுக்கப்பட்டது. பண்ணையாளர்களின் சங்கங்களும் சேர்ந்து நடத்தும் இந்த ஏற்பாடு பயன் தந்தது. ஆனால் முதலில் நட்டம், பிறகு ஒழுங்கு என்ற வரிசையில்தான் அது வந்தது.

ஆமைக்குக் கிடைத்த நீதி

இதே காலத்தில் உலக அரங்கில் இறாலைப் பற்றி ஒரு பெரிய வழக்கு நடந்தது. வர்த்தகச் சட்டம் படிக்கிற எவரும் அதைத் தாண்டிப் போக முடியாது. இறால் பிடிக்கும் இழுவை வலைகளில் கடலாமைகள் சிக்கிச் சாகின்றன என்று சொல்லி, ஆமை தப்பிப் போகும் கருவியை வலையில் பொருத்தாத நாடுகளின் இறாலை அமெரிக்கா தடுத்தது. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து ஆகிய நாடுகள் உலக வர்த்தக அமைப்பிடம் முறையிட்டன. 1998 ஒக்டோபரில் மேன்முறையீட்டுக் குழு தீர்ப்புச் சொன்னது: அழியும் உயிரினத்தைக் காக்க ஒரு நாடு இறக்குமதியைக் கட்டுப்படுத்தலாம், ஆனால் அதை நாட்டுக்கு நாடு பாரபட்சமாகச் செய்யக் கூடாது. அமெரிக்கா தன் நடைமுறையைத் திருத்தியது. 2001இல் அத்திருத்தம் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

வர்த்தக விதிக்குள் சுற்றாடலுக்கு இடமுண்டு என்பதை இந்த வழக்கு நிறுவியது. அது சிறிய வெற்றியல்ல. ஆனால் புத்தளத்தில் இருந்து அதைப் படிக்கிறவருக்கு வேறொன்றும் கண்ணில் படும். அமெரிக்காவின் அந்த விதியில், குளத்தில் வளர்த்த இறாலுக்குத் தடை இல்லை. காரணம் நேர்மையானது: குளத்தில் கடலாமை இல்லை, ஆகவே ஆமைக்கு ஆபத்தும் இல்லை. அப்படியென்றால் கண்டலை வெட்டி அழித்த நிலத்தில் வளர்ந்த இறால், சுற்றாடல் விதியின் முன் குற்றமற்ற இறாலாகிவிடுகிறது. வாங்குகிற நாட்டின் மனச்சாட்சியைத் தொட்ட உயிர் காப்பாற்றப்பட்டது. விற்கிற கரையின் கண்டலைப் பற்றி அந்த விதி எதுவும் கேட்கவில்லை.

வெங்காயமும் அதன் கீழே உள்ள நீரும்

1998 டிசம்பர் 28ஆம் திகதி சந்திரிகா குமாரதுங்கவும் வாஜ்பாயும் இந்திய-இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். 2000 மார்ச் 1ஆம் திகதி அது நடைமுறைக்கு வந்தது. விவசாயத்தை அது எப்படிக் கையாண்டது என்பதை அறிய எதிர்மறைப் பட்டியலைப் பார்க்க வேண்டும். தீர்வைச் சலுகைக்கு உட்படாத பொருட்களை ஒவ்வொரு நாடும் தனித்தனியே பட்டியலிட்டது. இலங்கையின் பட்டியலில் 1180 பொருட்கள், இந்தியாவின் பட்டியலில் 429. எங்கட பக்கத்தில் விவசாயப் பொருட்கள் பெரும்பாலும் அந்த வேலிக்குள் வைக்கப்பட்டன. அதற்கு மேல் 2007ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டம் வந்தது. வெங்காயம், உருளைக்கிழங்கு, செத்தல் மிளகாய், கருவாடு போன்றவற்றின் இறக்குமதி வரியை வர்த்தமானி ஒன்றால் கூட்டவும் குறைக்கவும் அரசுக்கு அது வழி தந்தது.

கற்பிட்டித் தீபகற்பத்தின் மணலில் சின்ன வெங்காயமும் மிளகாயும் காய்கறியும் போடுகிற விவசாயிக்கு இந்த வேலி உயிர்நாடி. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுக் கைப்பையோடு வந்து இறங்கிய எங்கட சகோதரர்களில் எத்தனையோ பேருக்கு முதல் கூலி கிடைத்தது இந்த வெங்காயப் பாத்தியிலும் இறால் வாடியிலும்தான். அறுவடை நேரத்தில் வரி குறைந்து கப்பல் வந்தால் என்ன நடக்கும் என்பதை அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. மறுபுறம், வேலி ஒரு பக்கத்துக்குத்தான் நிற்கிறது. 2023 டிசம்பரில் இந்தியா பெரிய வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தபோது இலங்கைச் சந்தையில் விலை ஏறியது. சுதந்திர வர்த்தக உடன்படிக்கை இருந்தும் அந்தத் தடை வந்தது. தன் சனத்தின் சாப்பாடு என்று வரும்போது எந்த நாடும் முதலில் தன் சந்தையைத்தான் பார்க்கும்.

சுற்றாடலுக்கு வருவோம். அந்த உடன்படிக்கையில் சுற்றாடலுக்கென்று தனி அத்தியாயம் இல்லை. மனித, விலங்கு, தாவர உயிரையும் சுகாதாரத்தையும் காக்கும் நடவடிக்கைகளைத் தடுக்காது என்ற பொது விலக்கு மட்டும் இருக்கிறது. 'காட்' எனப்படும் பழைய பொது ஒப்பந்தத்தின் 20ஆவது உறுப்புரையிலிருந்து வந்த வாசகம் அது. அதாவது, ஒரு நாடு காக்க விரும்பினால் காக்கலாம். காக்காவிட்டால் ஏன் என்று உடன்படிக்கை கேட்காது.

இதன் விளைவை வெங்காயப் பாத்தியிலேயே காணலாம். கற்பிட்டியின் நன்னீர், உவர் நீருக்கு மேலே மெல்லிய படலமாக மிதக்கிறது. மணல் எதையும் பிடித்து வைக்காது. போடுகிற பசளையில் பயிர் உறிஞ்சாத பங்கு நேரே கிணற்று நீருக்கு இறங்குகிறது. இங்குள்ள நிலத்தடி நீரில் நைத்திரேற்று கூடுவதை 1980களிலேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலிருந்து உவர் மேலே வருகிறது. எதிர்மறைப் பட்டியல் வெங்காயத்தின் விலையைக் காத்தது. வெங்காயத்துக்குக் கீழே உள்ள நீர் எந்தப் பட்டியலிலும் இல்லை. 2021இல் ஒரே இரவில் இரசாயனப் பசளையைத் தடை செய்து, அதே ஆண்டு நவம்பரில் திருப்பிப் பெற்றுக்கொண்ட கதையும் எமக்குத் தெரியும். சுற்றாடலின் பெயரால் ஆயத்தமில்லாமல் செய்கிற காரியம் விவசாயியின் முதுகில்தான் விழுகிறது. பிறகு சுற்றாடல் என்ற சொல்லையே அவன் சந்தேகத்தோடு கேட்கத் தொடங்குகிறான்.

ஐரோப்பா கதவைச் சாத்தியபோது

வர்த்தகம் சுற்றாடலைக் காத்ததே இல்லையா? காத்தது. சட்டவிரோத, அறிக்கையிடப்படாத மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை என்று 2012 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கையை எச்சரித்தது. போதிய மாற்றம் வராததால் 2015 ஜனவரியிலிருந்து எமது படகுகள் பிடித்த மீனுக்குத் தடை விதித்தது. பல நாள் படகுகளை நம்பியிருந்த கரையெங்கும் அடி விழுந்தது. சட்டம் திருத்தப்பட்டது, ஆழ்கடல் படகுகளுக்குக் கண்காணிப்புக் கருவி பொருத்தப்பட்டது, 2016 ஜூனில் தடை நீங்கியது. ஆண்டுக்கணக்காகக் கேட்டும் நடக்காதவை ஒன்றரை ஆண்டில் நடந்தன.

இந்தத் தடையிலும் வளர்ப்பு இறால் சேரவில்லை. ஜீ.எஸ்.பி. பிளஸ் சலுகையும் இப்படித்தான். அதைப் பெறும் நாடு 27 சர்வதேச சமவாயங்களை நடைமுறைப்படுத்த வேண்டும். உயிர்ப் பல்வகைமை, காலநிலை, அபாயகரக் கழிவு பற்றியவையும் அவற்றுள் அடக்கம். 2010இல் இலங்கை அதை இழந்தது மனித உரிமைக் காரணங்களால். 2017 மேயில் திரும்பப் பெற்றது. நிபந்தனைக்குப் பலம் உண்டு என்பதை இவை காட்டுகின்றன. எந்த நிபந்தனையை அழுத்துவது என்பதை மட்டும் வாங்குகிறவர் தீர்மானிக்கிறார்.

கண்டலை மீட்கும் முயற்சி வேறு திசையிலிருந்து வந்தது. சிலாபத்தைத் தளமாகக் கொண்ட சுதீச அமைப்பும் சீகொலஜி என்ற அமெரிக்க அமைப்பும் அரசோடு சேர்ந்து, நாட்டின் கண்டல் காடுகள் அனைத்தையும் பாதுகாக்கும் திட்டத்தை 2015இல் அறிவித்தன. கரையோரப் பெண்களுக்குச் சிறுகடன் கொடுத்துக் கண்டலைக் காக்கும் பொறுப்பை அவர்கள் கையில் வைத்தது அதன் சிறப்பு. 2016இல் சிலாபத்துக்கு அருகே பம்பலயில் கண்டல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அப்படியிருந்தும் ராம்சார் ஈரநிலமான ஆனைவிழுந்தானில் 2020இல் இறால் பண்ணைக்காகக் கண்டல் அழிக்கப்பட்ட செய்தி வந்தது. சந்தையின் இழுவை நின்றுவிடவில்லை.

இனி வரும் கையெழுத்துகள்

2018 மே 1ஆம் திகதி சிங்கப்பூருடனான உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. அதன் தீர்வைக் குறைப்புப் பட்டியலில் கழிவு வகைகளும் இருக்கின்றன என்று அடுத்த ஆண்டு பெரும் சர்ச்சை எழுந்தது. தேசியச் சட்டங்களே மேலோங்கும் என்று அரச தரப்பு பதில் சொன்னது. அதே காலத்தில்தான் கொழும்புக் குப்பையை அருவக்காட்டில் கொட்டுவதற்கு எதிராகப் புத்தளம் மாதக்கணக்கில் வீதியில் இருந்தது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால் ஒன்றை ஒப்பிடலாம். அருவக்காட்டுக்கு வந்த லொறியை எங்கட சனம் கண்ணால் கண்டது, ஆகவே எதிர்த்தது. உடன்படிக்கையின் பின்னிணைப்பில் இருக்கிற ஒரு குறியீட்டு எண்ணை யார் கண்டது?

2024 பெப்ரவரி 3ஆம் திகதி தாய்லாந்துடன் சுதந்திர வர்த்தக உடன்படிக்கை கையெழுத்தானது. இறால் வளர்ப்பில் உலகப் பெயர் பெற்ற நாடு அது. இந்தியாவுடன் பழைய உடன்படிக்கையை விரிவாக்கும் பேச்சு 2023இல் மீண்டும் தொடங்கியது. அதே இந்தியா 2024 மார்ச்சில் சுவிற்சர்லாந்து, நோர்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகிய நாடுகளோடு கையெழுத்திட்ட உடன்படிக்கையில், வர்த்தகமும் நிலைபேறான அபிவிருத்தியும் பற்றித் தனி அத்தியாயம் ஒன்றை ஏற்றுக்கொண்டது. ஐரோப்பியர் கேட்டபோது அது சாத்தியமானது. பாக்கு நீரிணையையும் மன்னார் வளைகுடாவையும் இந்தியாவோடு பங்கு போடுகிற நாமும் கேட்கலாம். கேட்பதற்கு முதலில் எமக்கு என்ன வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

மூன்று விடயங்களைச் சொல்லலாம். முதலாவது, உடன்படிக்கை வரைவும் பொருட் பட்டியலும் கையெழுத்துக்கு முன்னரே தமிழிலும் சிங்களத்திலும் மக்கள் கைக்கு வர வேண்டும். வெங்காயக்காரருக்கும் வள்ளக்காரருக்கும் விளங்காத மொழியில் அவர்களுடைய பிழைப்பு தீர்மானிக்கப்படக் கூடாது. இரண்டாவது, ஏற்றுமதி கூடும் என்று மதிப்பிடுகிறவர்கள் அந்தக் கூடுதலுக்கு எவ்வளவு களப்பு நீர், எவ்வளவு கண்டல், எவ்வளவு நிலத்தடி நீர் செலவாகும் என்பதையும் அதே ஏட்டில் எழுத வேண்டும். பண்ணை பண்ணையாகப் பிரிக்காமல், களப்பு முழுவதையும் ஓர் அலகாக எடுத்து. மூன்றாவது எங்கட கையில் இருக்கிறது. களப்பில் முன்பு என்னென்ன மீன் பட்டது, எந்த முனையில் கண்டல் இருந்தது, எந்தக் கிணறு எந்த ஆண்டில் உவர்த்தது என்பதையெல்லாம் மனத்தில் வைத்திருக்கிற முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பள்ளிவாசல் நிர்வாகங்களும் பாடசாலைகளும் மீனவர் சங்கங்களும் சேர்ந்தால் ஊர் ஊராக அதைப் பதிந்துவிடலாம். ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளே செய்யக் கூடிய வேலை அது.

1766இல் உப்பு எழுத்தில் ஏறியது, அதைக் கேட்க ஓர் அரசன் இருந்தபடியால். அடுத்த உடன்படிக்கையில் களப்பும் கண்டலும் கிணற்று நீரும் ஏற வேண்டுமென்றால், கணக்கோடு போய்க் கேட்க ஆள் வேண்டும். கணக்கை இப்போதே எழுதத் தொடங்குவோம்.